கணக்கு திறந்துவிடும், பணம் வெளியே வருமா? கிரிப்டோ எக்ஸ்சேஞ்ச்களுடன் சில வருடங்கள்

கிரிப்டோ காயின்களை வாங்கி விற்கும் தளமான ஒரு எக்ஸ்சேஞ்சின் பெயரோடு நாட்டின் பெயரையும் சேர்த்து கூகுளில் தேடினால், முதல் பக்கம் முழுக்க ஒரே அச்சில் வார்த்த கட்டுரைகள் வரும். முதல் பத்தியிலேயே ‘ஆம், தாராளமாகப் பயன்படுத்தலாம்’ என்று சொல்லிவிட்டு, கீழே பதிவு செய்ய ஒரு லிங்க் கொடுத்திருப்பார்கள். அந்த லிங்க் வழியாகப் போனால் எழுதியவருக்குக் கமிஷன். தலைப்பில் வருடத்தை மட்டும் மாற்றி, உள்ளே பழைய விவரத்தை அப்படியே விட்டிருப்பதும் சகஜம். சில எக்ஸ்சேஞ்ச்களை வருடக்கணக்கில் பயன்படுத்தி, ஒன்றிலிருந்து வெளியேற்றப்பட்டும் வந்தபின், இந்தக் கட்டுரைகளை நான் திறப்பதே இல்லை. எக்ஸ்சேஞ்சே போட்டிருக்கும் ‘ஆதரிக்கப்படும் நாடுகள்’ பக்கத்தைப் பார்ப்பேன். ஆனால் அதையும் கடைசி வார்த்தையாக எடுத்துக்கொள்வதில்லை.

கணக்கு திறக்க முடிகிறது என்பதை வைத்து ஒரு முடிவுக்கும் வர முடியாது. பல இடங்களில் ஒரு மின்னஞ்சல் முகவரி இருந்தால் போதும், உள்ளே விட்டுவிடுவார்கள். சில எக்ஸ்சேஞ்ச்களில் கேஒய்சி எனும் அடையாளச் சரிபார்ப்பு முடியும் முன்பே காயின் டெபாசிட் செய்ய முகவரியும் தந்துவிடுவார்கள். சிக்கல் அங்கேதான். காயின் உள்ளே போன பிறகு, கேஒய்சி திரையில் நாட்டைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும்போது உங்கள் நாடு பட்டியலிலேயே இருக்காது. அதனால் நான் ஒரு பைசா போடும் முன் கேஒய்சியை முழுக்க முடித்துவிடுவேன். அந்தத் திரையில் பொதுவாக இரண்டு கேள்விகள் இருக்கும்: அடையாள அட்டை எந்த நாடு கொடுத்தது, நீங்கள் வசிப்பது எந்த நாட்டில். வெளிநாட்டில் வேலை பார்ப்பவர்களுக்கு இரண்டுக்கும் பதில் வேறு வேறு. பெரும்பாலும் வசிக்கும் நாட்டை வைத்துத்தான் முடிவு செய்கிறார்கள். ஆனால் சில நாடுகளின் பாஸ்போர்ட்டை, நீங்கள் எங்கே வசித்தாலும், ஏற்க மாட்டார்கள்.

அடுத்தது உள்நாட்டுப் பணம். ஆப் இயங்கும், கேஒய்சியும் முடிந்திருக்கும். வங்கியிலிருந்து பணம் மட்டும் போகாது. இதற்கு நல்ல உதாரணம் 2022 ஏப்ரலில் இந்தியாவில் நடந்தது. அமெரிக்க எக்ஸ்சேஞ்சான காயின்பேஸ், யுபிஐ வழியாகப் பணம் செலுத்தலாம் என்று விழா வைத்து அறிவித்தது. யுபிஐயை நடத்தும் என்பிசிஐ, எந்த கிரிப்டோ எக்ஸ்சேஞ்சும் யுபிஐயைப் பயன்படுத்துவதாகத் தனக்குத் தெரியாது என்று அறிக்கை விட்டது. சில நாட்களிலேயே அந்த வசதி நின்றுபோனது. ஆப்பைத் தடை செய்யச் சொல்லி அன்று யாரும் உத்தரவு போடவில்லை, ஆனால் பணம் போகும் வழி அடைபட்டுவிட்டது. ‘ஆதரிக்கப்படும் நாடுகள்’ பட்டியலில் பெயர் இருந்து என்ன பயன்? ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. நான் பார்ப்பது கட்டண விவரப் பக்கத்தை. அங்கே உங்கள் நாட்டுப் பணத்தின் பெயருக்கு நேராக டெபாசிட், வித்ட்ரா இரண்டுக்கும் கட்டணம் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். டெபாசிட் மட்டும் இருந்து வித்ட்ரா கட்டத்தில் ஒரு சின்னக் கோடு இருந்தால், வெளியே வர பி2பி (இன்னொரு ஆளுக்கு நேரடியாக விற்பது) அல்லது வேறு எக்ஸ்சேஞ்சைத்தான் நம்ப வேண்டியிருக்கும்.

அப்புறம், ஒரே ஆப் எல்லா நாட்டிலும் ஒரே மாதிரி இருக்காது. பிரிட்டனில் சாதாரண வாடிக்கையாளர்களுக்கு கிரிப்டோ ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் எனும் முன்பேர ஒப்பந்தங்களை விற்பதை 2021 ஜனவரி முதல் தடை செய்தார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் மைக்கா என்ற கிரிப்டோ சட்டம் 2024 டிசம்பர் 30 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. டெதர் நிறுவனம் அதன்கீழ் அனுமதி வாங்காததால், பெரிய எக்ஸ்சேஞ்ச்கள் அந்தப் பகுதி வாடிக்கையாளர்களுக்கு அந்த நிறுவனம் வெளியிடும் யுஎஸ்டிடி காயினின் வர்த்தகத்தை ஒவ்வொன்றாக நிறுத்தின. டாலர் மதிப்போடு கட்டப்பட்ட ஸ்டேபிள்காயின்களில் உலகிலேயே அதிகம் புழங்குவதற்கே இந்த நிலை. அமெரிக்காவில் நாடு என்று பார்ப்பதும் போதாது, மாநிலத்தைப் பார்க்க வேண்டும். நியூயார்க் 2015ல் கிரிப்டோ நிறுவனங்கள் உரிமம் வாங்க வேண்டும் என்ற பிட்லைசன்ஸ் விதியைக் கொண்டுவந்ததும், கிராக்கன் எக்ஸ்சேஞ்ச் அந்த மாநிலத்தை விட்டே வெளியேறியது.

என் அனுபவத்தில் அதிகம் உதவிய ஆவணம், யாரும் படிக்காமல் டிக் அடித்துவிட்டுப் போகும் பயன்பாட்டு விதிமுறைகள்தான். முழுதாகப் படிக்க வேண்டாம். இரண்டு விஷயத்தைத் தேடினால் போதும். ஒன்று, தடை செய்யப்பட்ட நாடுகளின் பட்டியல். இது விளம்பரப் பக்கத்தைவிடக் கறாராக இருக்கும். இன்னொன்று, நீங்கள் ஒப்பந்தம் போடுவது எந்த நிறுவனத்தோடு என்ற வரி. ஆப்பின் பெயர் ஒன்று, சட்டப்படி உங்கள் பணத்தை வைத்திருக்கும் கம்பெனியின் பெயர் வேறு. பெரும்பாலும் பெயர் ஒட்டினாற்போல இருக்கும். பதிவான நாடு மட்டும் எங்கோ ஒரு தீவாக இருக்கும்.

அந்த முழுப் பெயரை அப்படியே எடுத்துக்கொண்டு போய், உங்கள் நாட்டு ஒழுங்குமுறை அமைப்பின் பதிவேட்டில் தேடுவேன். பிரிட்டன் என்றால் எஃப்சிஏ, ஜப்பான் என்றால் நிதிச் சேவைகள் முகமை, சிங்கப்பூர் என்றால் எம்ஏஎஸ், துபாய் என்றால் வாரா. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு எஸ்மா பொதுப் பதிவேடு வைத்திருக்கிறது. ஆப் பெயரைப் போட்டுத் தேடுவது வீண். கம்பெனியின் முழுப் பெயர் வேண்டும். 2021 ஜூனில் எஃப்சிஏ, பைனான்ஸ் (Binance) எக்ஸ்சேஞ்சைச் சேர்ந்த பைனான்ஸ் மார்க்கெட்ஸ் லிமிடெட் என்ற கம்பெனிக்குப் பிரிட்டனில் ஒழுங்குமுறைக்கு உட்பட்ட எந்தச் சேவையும் செய்ய அனுமதி இல்லை என்று எச்சரிக்கை வெளியிட்டது. ஆனால் மக்கள் பயன்படுத்திய இணையதளத்தை நடத்தியது அந்தக் கம்பெனி இல்லை. செய்தியின் தலைப்பை மட்டும் படித்தவர்கள் தளமே மூடப்பட்டுவிட்டதாக நினைத்துக்கொண்டார்கள். பதிவு என்பதும் ஒரே வகை இல்லை என்பதைக் கவனியுங்கள். பணமோசடித் தடுப்புக்காக மட்டும் செய்யும் பதிவு ஒன்று. வாடிக்கையாளர் பணத்தை எப்படிப் பிரித்து வைக்க வேண்டும் என்றெல்லாம் கேட்கும் முழு உரிமம் வேறு. விளம்பரத்தில் இரண்டையும் ஒரே மாதிரித்தான் காட்டுவார்கள்.

இன்று இருப்பது அடுத்த வருடமும் இருக்கும் என்பதும் இல்லை. 2023 மே மாதம் பைனான்ஸ் கனடாவை விட்டுப் போவதாக அறிவித்தது. ஜூலையில் நெதர்லாந்தில் வித்ட்ரா தவிர எல்லாவற்றையும் நிறுத்தியது. இந்தியாவில் 2023 டிசம்பர் இறுதியில் நிதிப் புலனாய்வுப் பிரிவு ஒன்பது வெளிநாட்டு எக்ஸ்சேஞ்ச்களுக்கு நோட்டீஸ் அனுப்பியது, 2024 ஜனவரியில் அவற்றின் ஆப்கள் ஆப் ஸ்டோர்களிலிருந்து மறைந்தன. அவற்றில் சில பிறகு பதிவு செய்துகொண்டு திரும்பின. அந்த ஒன்பதில் இல்லாத ஓகேஎக்ஸ் என்ற எக்ஸ்சேஞ்சும் 2024ல் இந்திய வாடிக்கையாளர்களைக் கணக்கை மூடச் சொல்லிவிட்டுப் போனது.

நான் பயன்படுத்திய ஒரு எக்ஸ்சேஞ்சிலிருந்தும் இப்படி ஒரு மெயில் வந்தது. பெயர் வேண்டாம். ‘உங்கள் பகுதியில் எங்கள் சேவையில் மாற்றங்கள்’ என்று சாதுவான தலைப்பு, விளம்பர மெயில்களுக்கு நடுவே. உள்ளே அடுத்தடுத்து தேதிகள்: ஒரு தேதி முதல் புது டெபாசிட் கிடையாது, அடுத்த தேதி முதல் வாங்க முடியாது, விற்க மட்டும் முடியும், அதற்கடுத்த தேதிக்குள் எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும், தவறினால் மாதாமாதம் கணக்குப் பராமரிப்புக் கட்டணம். படிக்கும்போது போதுமான அவகாசம் என்றுதான் தோன்றும். ஆனால் ஸ்டேக்கிங்கில், அதாவது வருமானத்துக்காகப் பூட்டி வைப்பதில், போட்டது உடனே கைக்கு வராது. காஸ்மாஸ் காயின் என்றால் நெட்வொர்க்கின் விதிப்படியே 21 நாள் காத்திருக்க வேண்டும். எக்ஸ்சேஞ்ச் அதற்கு மேல் தன் பங்குக்குச் சில நாள் சேர்க்கும். அதோடு குறைந்தபட்ச வித்ட்ரா அளவுக்குக் கீழே இருந்த துண்டு துக்காணிக் காயின்கள். விற்று ஒன்றாக்கலாம் என்றால், அந்தக் காயின்களின் வர்த்தகத்தை ஏற்கெனவே நிறுத்தியிருந்தார்கள். தொகை சின்னதுதான். ஆனாலும் எரிச்சல் அடங்கவில்லை. சப்போர்ட்டில் கேட்டதற்கு, நான் படித்த அதே மெயிலைத் திருப்பி அனுப்பினார்கள்.

விபிஎன் போட்டுப் பயன்படுத்தலாமே என்று நண்பர்கள் கேட்பதுண்டு. உள்ளே போக அது உதவும், வெளியே வரும்போதுதான் ஆவணம் கேட்பார்கள். இடத்தை மறைத்ததையே காரணமாகக் காட்டிக் கணக்கை முடக்க விதிமுறையில் வரி இருக்கும். எக்ஸ்சேஞ்ச்கள் முன்பு கண்டுகொள்ளாமல் விட்டது உண்மை. ஆனால் அமெரிக்க வாடிக்கையாளர்கள் விஷயத்தில் பைனான்ஸ் 2023 நவம்பரில் குற்றத்தை ஒப்புக்கொண்டு 430 கோடி டாலருக்கு மேல் கட்டச் சம்மதித்தது. 2025 ஜனவரியில் குகாயின் எக்ஸ்சேஞ்ச் ஏறத்தாழ 30 கோடி டாலர் கட்டவும் அமெரிக்காவை விட்டு விலகவும் ஒப்புக்கொண்டது. அதற்குப் பிறகு எந்த எக்ஸ்சேஞ்சும் உங்களுக்காகக் கண்ணை மூடிக்கொள்ளும் என்று நான் நம்பவில்லை.

தடை செய்யப்பட்ட நாட்டிலிருந்து பயன்படுத்துவதன் விலை, எக்ஸ்சேஞ்ச் திவாலானால்தான் முழுதாகத் தெரியும். 2022 நவம்பரில் விழுந்த எஃப்டிஎக்ஸ் எக்ஸ்சேஞ்ச் விவகாரத்தில், 2025ல் சீனா உட்பட 49 நாடுகளில் இருப்பவர்களுக்குப் பணம் கொடுப்பதை நிறுத்திவைக்க, திவாலான சொத்தை நிர்வகிப்பவர்கள் நீதிமன்றத்தில் மனுப் போட்டார்கள். பிறகு அந்த மனு திரும்பப் பெறப்பட்டது. நடுவில் இருந்த மாதங்களில் அந்த நாடுகளைச் சேர்ந்தவர்கள் எப்படித் தூங்கியிருப்பார்கள் என்று தெரியவில்லை.

இப்போது புது எக்ஸ்சேஞ்ச் எதையும் தொடும் முன், கேஒய்சி முடித்து, சின்னத் தொகை ஒன்றைப் போட்டு, அதை முழுசாகச் சொந்த வங்கிக் கணக்குக்குத் திரும்ப எடுத்துப் பார்க்கிறேன். காயினை நானே வைத்துக்கொள்ளும் சொந்த வாலட்டுக்கும் ஒருமுறை அனுப்பிப் பார்க்கிறேன். பல நாடுகளில், அனுப்புபவர், பெறுபவர் விவரத்தைக் கேட்கும் டிராவல் ரூல் காரணமாக வாலட் உங்களுடையதுதானா என்று கேட்கிறார்கள். சில இடங்களில் அதை நிரூபிக்கும் படி சரியாக வேலை செய்வதில்லை.

நாடு மாறப் போகிறவர்கள் முகவரியை மாற்றும் முன் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். சில எக்ஸ்சேஞ்ச்கள் கணக்கைப் புது நாட்டின் கம்பெனிக்கு மாற்றித் தரும். சில, பழையதை மூடிவிட்டுப் புதிதாகத் திற என்று சொல்லும். மூடச் சொன்னால், முதலில் பரிவர்த்தனை வரலாற்றை சிஎஸ்வி கோப்பாக இறக்கிக்கொள்ளுங்கள். வரி கணக்குக்கு அது வேண்டும். மூடிய கணக்கின் பெயரில் சப்போர்ட்டிடம் அதைக் கேட்டு வாங்குவதற்குள் தாவு தீர்ந்துவிடும்.