இரவு தங்க எது: புளோரன்ஸா, பொலோன்யாவா?

இத்தாலிக்குத் திட்டம் போடுபவர்கள் பலரும் சொல்லும் யோசனை இது: "பொலோன்யாவில் அறை போட்டுக்கொண்டு, புளோரன்ஸை ஒரே பகலில் பார்த்துவிட்டு வந்துவிடலாம்." காகிதத்தில் கணக்கு சரியாகவே வரும். நடுவே அப்பென்னைன் மலை குறுக்கிட்டாலும் அதிவேக ரயில் சுரங்கம் வழியாக 35 முதல் 40 நிமிடத்தில் கொண்டுபோய் விட்டுவிடும். அறை வாடகையும் பொலோன்யாவில் பெரும்பாலும் குறைவு. உதைப்பது வேறு இடத்தில். புளோரன்ஸ் நன்றாக இருக்கும் நேரம் காலை ஒன்பதுக்கு முன்பும் மாலை ஆறுக்குப் பின்பும்தான். பகலில் வந்து திரும்புகிறவருக்கு நடுவில் உள்ள நெரிசல்தான் மிஞ்சும். எனவே ஓவியமும் சிற்பமும் பார்க்கத்தான் போகிறீர்கள் என்றால் புளோரன்ஸிலேயே தூங்குங்கள். சாப்பாடும் ராத்திரி நேரத் தெருக்களும் முக்கியம் என்றால் பொலோன்யா.

பார்க்க வேண்டியவை: புளோரன்ஸ்

முதலில் துவோமோ, அதாவது ஊரின் பேராலயம். கட்டடக் கலைஞர் புருனெலெஸ்கி 1420 முதல் 1436 வரை எழுப்பிய குவிமாடத்தில் ஏற 463 படிகள். லிஃப்ட் கிடையாது. வழி குறுகல் என்பதால் பாதியில் மனம் மாறினாலும் திரும்புவது சிரமம். தேதியும் நேரமும் குறித்துத்தான் டிக்கெட் தருவார்கள், பிறகு மாற்ற முடியாது. குவிமாடம், மணிக்கூண்டு, ஞானஸ்நானக் கூடம், அருங்காட்சியகம் எல்லாம் அடங்கிய புருனெலெஸ்கி பாஸ் 30 யூரோ, மூன்று நாள் செல்லும். பெரிய பையோடு ஏற விடமாட்டார்கள். தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். பேராலயத்துக்குள் நுழைவது இலவசம், ஆனால் அதற்கு வேறு வரிசை. ஞாயிற்றுக்கிழமை வழிபாட்டுக்கு மட்டும் திறந்திருக்கும், சுற்றிப் பார்க்க வருபவர்களுக்கு அனுமதி இல்லை.

ஏறும்போது அவசரப்படாதீர்கள். பாதி வழியில் குவிமாடத்தின் உட்புறத்தைச் சுற்றி ஒரு நடைபாதை வரும். தலைக்கு மேலே ஓவியர்கள் வசாரியும் சுக்காரியும் தீட்டிய இறுதித் தீர்ப்பு ஓவியம், கை நீட்டினால் தொட்டுவிடலாம் போலத் தெரியும். அதற்கு மேல் படிகள் இரண்டு ஓடுகளுக்கு நடுவே போகின்றன. உள்ளே ஒரு குவிமாடம், அதைப் போர்த்தி வெளியே இன்னொன்று. அங்கே சுவரைக் கவனியுங்கள். படுக்கையாக அடுக்கிய செங்கல் வரிசையை, குறிப்பிட்ட இடைவெளியில் நெட்டுக்குத்தாக நிற்கும் ஒரு செங்கல் வெட்டிப் போகும். அந்த நெட்டைச் செங்கற்கள் சாய்கோடாக மேலே ஏறிக்கொண்டே இருக்கும். தரையிலிருந்து மரச் சாரம் கொடுத்துத் தாங்காமல் கட்டியதால், மேலே போகப் போக உள்பக்கம் சாயும் வரிசைகள் காரை காய்வதற்குள் சரிந்துவிடும் ஆபத்து இருந்தது. அவற்றைப் பூட்டிப் பிடித்து நிறுத்தியவை இந்த நெட்டுச் செங்கற்களே. இதைப் பார்க்காமல் உச்சிக்கு ஓடிப்போய்ப் படம் எடுத்து இறங்குவது பெரிய இழப்பு.

முழங்கால் வலி உள்ளவர்கள் பக்கத்தில் உள்ள ஜொத்தோ மணிக்கூண்டைத் தேர்ந்தெடுக்கலாம். 414 படிகள், ஆனால் நடுநடுவே தளங்கள் இருப்பதால் நின்று மூச்சு வாங்கலாம். அங்கிருந்து குவிமாடமும் முழுதாகப் படத்தில் விழும். குவிமாடத்தின் மேல் நின்றால் அது மட்டும் தெரியாது.

உஃபிஸி, அக்காதெமியா என்ற இரண்டு கலைக்கூடங்களுக்கும் திங்கள் விடுமுறை. ஒரு நாள் பயணத்தைத் திங்களில் வைத்துக்கொண்டு வாசலில் நிற்பவர்கள் வாராவாரம் உண்டு. மாதத்தின் முதல் ஞாயிறு நுழைவு இலவசம். ஆனால் அன்றைக்கு நிற்கும் வரிசையைப் பார்த்தால், காசு கொடுத்து இன்னொரு நாள் போவதே லாபம். உஃபிஸி காலை 8:15க்குத் திறக்கும். முதல் நேரத்துக்கு முன்பதிவு செய்து, உள்ளே போனதும் நேராக மேல்மாடியில் ஓவியர் பொத்திச்செல்லியின் படைப்புகள் உள்ள அறைகளுக்குப் போய்விடுங்கள். குழுக்கள் வந்து சேர்ந்த பிறகு அவருடைய 'வீனஸின் பிறப்பு' ஓவியத்தைத் தலைகளுக்கு இடையில்தான் பார்க்க முடியும். அக்காதெமியாவில் மைக்கலாஞ்சலோவின் தாவீது சிலை 5.17 மீட்டர் உயரம். அதற்குப் போகும் கூடத்தின் இருபக்கமும் பாதி செதுக்கிய அடிமைச் சிலைகள் நிற்கின்றன. கல்லிலிருந்து உடல் எப்படி வெளியே வருகிறது என்பதை அவற்றில்தான் காண முடியும். டிக்கெட்டை அதிகாரப்பூர்வ தளத்தில் மட்டும் வாங்குங்கள். தேடலில் முதலில் வரும் தளங்கள் பல, அதே டிக்கெட்டைக் கூடுதல் விலைக்கு விற்கும் இடைத்தரகர்கள்.

பார்க்க வேண்டியவை: பொலோன்யா

பழைய பயணக் குறிப்புகளை நம்பிப் போனால் இங்கே முதல் ஏமாற்றம் அசினெல்லி கோபுரம். 97 மீட்டர் உயரம், 498 படி, ஏறியே தீர வேண்டும் என்று எழுதியிருப்பார்கள். பக்கத்தில் சாய்ந்து நிற்கும் 48 மீட்டர் கரிசெண்டா கோபுரத்தின் நிலை மோசமானதால், 2023 அக்டோபரில் இரண்டையும் மூடிவிட்டார்கள். கரிசெண்டாவைச் சுற்றித் தடுப்புச் சுவர் போட்டிருக்கிறார்கள். அதைப் பலப்படுத்தப் பல ஆண்டுகள் பிடிக்கும். உயரத்திலிருந்து ஊரைப் பார்க்க மஜ்ஜோரே சதுக்கத்தில் உள்ள நகர மாளிகையின் மணிக்கூண்டுக்குப் போகலாம். அதற்கும் நேரம் குறித்து முன்பதிவு வேண்டும்.

அதே சதுக்கத்தில் சான் பெத்ரோனியோ. 1390ல் தொடங்கிய பேராலயம், முகப்பு பாதியோடு நின்றுவிட்டது. கீழே பளிங்கு, மேலே வெறும் செங்கல். இங்கே பார்க்க வேண்டியது இடப்பக்கத் தரையில் ஓடும் கோடு. வானியலாளர் காசினி 1655ல் அமைத்த உச்சிக்கோடு இது, சுமார் 67 மீட்டர் நீளம். மேலே கூரையில் உள்ள சிறு துளை வழியாக விழும் சூரிய வட்டம், உச்சிவேளையில் இந்தக் கோட்டைக் கடக்கும். எப்போது நிற்க வேண்டும்? கடிகாரப் பன்னிரண்டு மணிக்குப் போனால் பெரும்பாலான நாட்களில் ஏமாறுவீர்கள். குளிர்காலத்தில் நவம்பர் தொடக்கத்தில் 12 மணியை ஒட்டியும், பிப்ரவரியில் 12:30ஐ ஒட்டியும் கடக்கும். கோடைக்கால நேரம் நடப்பில் இருக்கும் ஜூன், ஜூலையில் 1:15ஐ ஒட்டி. கோயிலுக்கு மதிய இடைவேளை உண்டு என்பதால், அன்றைய நேரத்தைக் காலையிலேயே வாசலில் பார்த்துக்கொள்ளுங்கள். மேகம் இருந்தால் வட்டம் விழாது.

இரண்டு நிமிட நடையில் பல்கலைக்கழகத்தின் பழைய கட்டடமான ஆர்க்கிஜின்னாசியோ. அதற்குள் 1637ல் கட்டிய உடற்கூறு அரங்கம், முழுக்க மர வேலைப்பாடு. 1944 ஜனவரியில் குண்டு விழுந்து நொறுங்கியதை, இடிபாடுகளிலிருந்து பொறுக்கிய சிற்பங்களை வைத்தே மீண்டும் எழுப்பினார்கள்.

பொலோன்யாவின் நிஜமான காட்சி அதன் தூண் நடைக்கூடங்கள். நகர மையத்தில் மட்டும் சுமார் 38 கிலோமீட்டர், 2021ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தன. கொட்டும் மழையிலும் குடையில்லாமல் ஊரைச் சுற்றலாம். சரகோத்சா வாயிலிலிருந்து சான் லூக்கா மலைக்கோயில் வரை 666 வளைவுகள், ஏறக்குறைய நான்கு கிலோமீட்டர். மெலொன்செல்லோ வளைவு வரை சமதரை. அதற்குப் பின் ஒரே ஏற்றம், நடுவே படிகள். நிதானமாக நடந்தால் ஒன்றேகால் மணி நேரம் ஆகும். வெயில் நாளில் தண்ணீர் புட்டியை மலையடிவாரத்திலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். முடியாதவர்களுக்குச் சதுக்கத்திலிருந்து சுற்றுலா வண்டி போகிறது. அருங்காட்சியகங்கள் மூடியிருக்கும் திங்கள்கிழமைக்கு இந்த நடை பொருத்தம்.

ஓவியமும் சிற்பமும் என்று பார்த்தால் பொலோன்யா புளோரன்ஸுக்குப் பக்கத்தில்கூட வராது. அதை ஒளிக்க வேண்டியதில்லை.

இருட்டிய பிறகு

இங்கே தராசு மறுபக்கம் சாய்கிறது. 1088ஐத் தன் தொடக்க ஆண்டாகச் சொல்லும் பல்கலைக்கழகம் பொலோன்யாவின் நடுவிலேயே இருக்கிறது. ராத்திரி தெருவில் இருப்பவர்களில் பெரும்பகுதி உள்ளூர் மாணவர்கள். ஆறரை மணிக்கு குவாத்ரிலாத்தெரோ என்ற பழைய சந்தைப் பகுதியின் சந்துகளில் ஒரு கோப்பை ஒயினும் தட்டு நிறைய மோர்ததெல்லா என்ற பன்றி இறைச்சித் துண்டுகளும். எட்டு மணிக்குச் சாப்பாடு. பத்துக்கு மேல் பிரத்தெல்லோ தெரு. 1465 முதல் நடப்பதாகச் சொல்லும் ஒஸ்தெரியா தெல் சோலெ என்ற ஒயின் கடையில் குடிக்க மட்டும்தான் கிடைக்கும். சாப்பாட்டைப் பக்கத்துக் கடைகளில் வாங்கிக்கொண்டுதான் போக வேண்டும். சீக்கிரமே மூடிவிடுவார்கள் என்பதால் அதை மாலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். வெர்தி சதுக்கம் மாணவர்களின் இடம், செலவே இல்லாமல் உட்காரலாம். ஆனால் நள்ளிரவுக்கு மேல் அங்கே போதைப் பொருள் விற்பவர்கள் நடமாட்டம் உண்டு, பையில் கவனம் வேண்டும். அறை எடுக்கும்போது பிரத்தெல்லோ, சம்போனி தெருக்களைப் பார்த்த ஜன்னல் வேண்டாம். விடியும் வரை சத்தம் ஓயாது.

புளோரன்ஸின் மாலை வேறு வகை. மைக்கலாஞ்சலோ சதுக்கத்தில் சூரியன் மறைவதைப் பார்க்கக் காசு வேண்டாம், ஆனால் படிக்கட்டில் இடம் பிடிக்க முக்கால் மணி நேரம் முன்பே போக வேண்டும். கூட்டம் பிடிக்காதவர்கள் இன்னும் சற்று மேலே சான் மினியாத்தோ தேவாலய முற்றத்துக்குப் போய்விடலாம், அதே காட்சிதான். இறங்கி வந்தால் சான் நிக்கோலோ பகுதி. ஆர்னோ ஆற்றின் இந்தக் கரையிலேயே நடந்தால் சாந்தோ ஸ்பிரித்தோ சதுக்கம். இந்த ஊரில் பிறந்ததாகச் சொல்லப்படும் நெக்ரோனி காக்டெயிலை இங்கே குடிக்கலாம். சாந்தா குரோச்சே பக்கம் உள்ள பார்களில் வெளிநாட்டு மாணவர்கள்தான் அதிகம், ஆங்கிலமே காதில் விழும். உள்ளூர்க்காரர்களோடு கலக்க விரும்பினால் ஆற்றுக்குத் தெற்கே இருப்பதே நல்லது.

ஆகஸ்டில் மட்டும் பொலோன்யாவுக்குச் சாதகமான இந்தத் தீர்ப்பு சற்று மாறும். மாணவர்கள் ஊருக்குப் போய்விடுவார்கள், 15ஆம் தேதியை ஒட்டிக் குடும்பமாக நடத்தும் உணவகங்கள் பல பூட்டியிருக்கும். ஈடாக, கோடை இரவுகளில் மஜ்ஜோரே சதுக்கத்தில் பெரிய திரை கட்டி இலவசமாகப் படம் போடுகிறார்கள். நாற்காலி வேண்டுமானால் ஒரு மணி நேரம் முன்னதாகப் போங்கள்.

தட்டில்

சைவம் சாப்பிடுகிறவர்களுக்குப் பொலோன்யா கவனமாக நடக்க வேண்டிய ஊர். தொர்தெல்லீனி என்ற சிறு பாஸ்தாவின் உள்ளே பன்றி இறைச்சி, அது மிதப்பது இறைச்சிச் சாற்றில். பெயர் ஒட்டி வரும் தொர்தெல்லோனி பெரியது, பெரும்பாலும் ரிக்கோத்தா பாலாடையும் கீரையும் வைத்தது. ஆர்டர் கொடுக்கும்போது உச்சரிப்பை அழுத்திச் சொல்லுங்கள். பார்மிஜானோ பாலாடைக்கட்டியில் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறைபொருள் சேர்கிறது. அதையும் தவிர்ப்பவர்கள் தூவ வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். புளோரன்ஸில் பப்பா அல் பொமொதோரோ என்ற தக்காளி ரொட்டிக் கூழ் கிடைக்கும். அசைவக்காரர்கள் பிஸ்தெக்கா என்ற மாட்டிறைச்சித் துண்டுக்கு ஆசைப்பட்டால், பட்டியலில் உள்ள விலை கிலோவுக்கா 100 கிராமுக்கா என்று பாருங்கள். ஒரு துண்டே பெரும்பாலும் ஒரு கிலோவுக்கு மேல் வரும். இருவருக்குக் குறைத்து வெட்டித் தரமாட்டார்கள்.

இரண்டும் வேண்டும் என்றால்

நான்கு இரவு இருந்தால் இரண்டு இரண்டாகப் பிரித்துக்கொள்ளலாம். மூன்றே இரவு என்றால் முதல் முறை போகிறவருக்கு இரண்டு புளோரன்ஸில், ஒன்று பொலோன்யாவில். பொலோன்யாவை வார இறுதியில் வைத்தால், மையத் தெருக்களில் வாகனங்களை நிறுத்திவிடுவதால் நடக்க வசதி. ஆனால் பெரிய வணிகக் கண்காட்சி எதுவும் நடக்கிறதா என்று முதலில் பாருங்கள். வசந்தத்தில் சிறுவர் புத்தகக் கண்காட்சி, செப்டம்பர் இறுதியில் பீங்கான் ஓடு கண்காட்சி நடக்கும் நாட்களில் அறை வாடகை பல மடங்கு ஏறி, மலிவு என்ற காரணமே போய்விடும்.

ரயிலில் தவறுவது பொலோன்யா நிலையத்தில்தான். அதிவேக வண்டிகளின் 16 முதல் 19 வரையான நடைமேடைகள் ஆழமான நிலத்தடியில் உள்ளன. பெட்டியோடு எஸ்கலேட்டர் மேல் எஸ்கலேட்டராக இறங்கப் பத்து நிமிடமாவது ஒதுக்குங்கள். பிராத்தோவில் மாறிப்போகும் சாதாரண ரயில் மலிவு, ஆனால் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதற்குக் காகித டிக்கெட் வாங்கினால் ஏறுமுன் நடைமேடை இயந்திரத்தில் முத்திரை குத்த வேண்டும். கைப்பேசியில் வாங்கியிருந்தால் செக்-இன் செய்ய வேண்டும். இரண்டும் செய்யாமல் ஏறினால் அபராதம். வேலைநிறுத்த நாளாக இருந்தால் வார நாட்களில் காலை 6 முதல் 9, மாலை 6 முதல் 9 வரை உள்ளூர் ரயில்களில் குறிப்பிட்ட சில கட்டாயம் ஓடும். ஊர் மாறுவதை அந்த நேரத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.