சிலிக்கான் மேல் நீர் ஒட்டாத படலம்: டிஎஃப்டியா, எம்டியா, ரியாக்ஸ்எஃப்எஃப்பா?

சிலிக்கான் மேல் ஓடிஎஸ் (நீண்ட கார்பன் சங்கிலி கொண்ட ஒரு சிலேன், அதாவது சிலிக்கான் தலையுள்ள மூலக்கூறு) மாதிரி ஒற்றை மூலக்கூறுப் படலத்தைக் கணினியில் கட்டிப் பார்க்க உட்காருபவர்கள் முதலில் கேட்பது எந்த மென்பொருள் என்றுதான். லாம்ப்ஸோ குரோமாக்ஸோ, கைக்குப் பழகியது எதுவானாலும் சரி. எந்த முறை என்பதில்தான் வாரக்கணக்கான கணிப்பு நேரம் வீணாகிறது.

டிஎஃப்டி (அடர்த்திச் சார்பியக் கோட்பாடு) எலக்ட்ரான் வரை இறங்கிக் கணக்குப் போடும். மூலக்கூறு சிலிக்கானோடு பிணைவது நேராகக் கார்பன் வழியாகவா, ஆக்சிஜன் வழியாகவா, மின்சுமை எங்கே குவிகிறது என்பதற்கெல்லாம் இதை விட்டால் வழியில்லை. ஆனால் சில நூறு அணுக்கள், சில பத்து பிக்கோ நொடி, அதற்குள் மூச்சு வாங்கிவிடும். நீர்த்துளியை இதில் உட்காரவைக்க ஆசைப்படாதீர்கள்.

சேர்கோணம்தான் (நீர்த்துளி பரப்பைத் தொடும் கோணம், பெரிதானால் நீர் ஒட்டாது) வேண்டும் என்றால் என் ஓட்டு சாதாரண எம்டிக்கே (மூலக்கூறுகளின் அசைவைக் கணிக்கும் மூலக்கூறு இயக்கவியல்), அணு அணுவாக, ஓபிஎல்எஸ் மாதிரி ஒரு ஃபோர்ஸ் ஃபீல்டோடு (அணுக்களுக்கு இடையேயான விசைகளின் சூத்திரத் தொகுப்பு). ஆனால் இதில் பிணைப்பு உருவாகாது, உடையாது, நீங்கள் எங்கே நட்டீர்களோ அங்கேயேதான் மூலக்கூறு நிற்கும். அதாவது படலத்தின் அடர்த்தி விடையாக வருவதில்லை, நீங்கள் உள்ளே போட்டதுதான். சிலிக்கான் (111) பரப்பில் (படிகத்தை வெட்டும் ஒரு திசை) மூலக்கூறு பிணையும் பக்கத்துப் பக்கத்து இடங்களுக்கு நடுவே 3.84 ஆங்ஸ்ட்ராம், நீண்ட அல்கைல் சங்கிலிக்கோ 4.5-க்குக் குறையாமல் வேண்டும், ஆகவே எல்லா இடத்திலும் நட முடியாது, ஏறக்குறைய பாதிதான் நிரம்பும். சிலேன் படலத்தில் இன்னும் நெருக்கடி, சிலிக்கான்-ஆக்சிஜன்-சிலிக்கான் பாலத்தின் இரு முனைகளும் 3.2 ஆங்ஸ்ட்ராமைத் தாண்டி விலகாது. பாடப்படங்களில் மூலக்கூறுகளின் எல்லாச் சிலிக்கான் தலைகளும் கைகோத்து நிற்பதாக வரைவார்களே, அந்தப் படத்தை அப்படியே மாதிரியாக்கினால் சங்கிலிகள் ஒன்றன்மேல் ஒன்று முட்டிக்கொள்ளும்.

இந்த இடத்துக்குத்தான் ரியாக்ஸ்எஃப்எஃப், வேதிவினையையும் கையாளும் ஃபோர்ஸ் ஃபீல்டு. பிணைப்பு உருவாவதைக் காட்டும், படலம் வளர்வதைப் பார்க்கலாம். விலையும் உண்டு: எம்டியில் 1 அல்லது 2 ஃபெம்டோ நொடிக்கு ஓர் அடி வைத்தால் இதில் பொதுவாக 0.25தான், ஒவ்வோர் அடியும் கனம் வேறு. அப்புறம், ஃபுளூரினைச் சேர்ப்பதற்கு முன் உங்கள் அளவுருத் தொகுப்பில் அது இருக்கிறதா என்று பாருங்கள். சேர்கோணத்துக்காக மட்டும் இதை ஓட்டுவது வெட்டிச் செலவு.

சில அணுக்களை ஒரே மணியாகத் தொகுக்கும் மார்ட்டினி வகை மாதிரிகள் பெரிய பரப்புக்கு உதவும், ஆனால் சங்கிலி நுனியில் மெத்திலா சிஎஃப்3-ஆ என்கிற வித்தியாசமே அங்கே மங்கிப்போகிறது.

எம்டி என்று முடிவானால், உருண்டைத் துளியை விட உருளைத் துளி மேல். 4000 நீர் மூலக்கூறு போட்டாலும் துளியின் ஆரம் 3 முதல் 4 நானோமீட்டர்தான், அந்த அளவில் விளிம்பின் வளைவே கோணத்தை மாற்றிவிடும். உருளையில் விளிம்பு நேர்கோடு. நீர் மாதிரியையும் பார்த்து எடுங்கள். உண்மையான பரப்பு இழுவிசை மீட்டருக்கு 72 மில்லிநியூட்டன், டிப்4பி/2005 என்ற நீர் மாதிரி அதற்குக் கிட்டே வரும், டிப்3பி 50-ஐ ஒட்டியே நிற்கும், சேர்கோணத்தைத் தரும் யங் சமன்பாட்டில் இந்த இழுவிசைதான் வகுக்கும் எண்.

சரிபார்க்க: நன்றாக அமைந்த ஓடிஎஸ் படலத்தில் சோதனையில் 110 பாகை அளவு வரும், சிஎஃப்3 நெருக்கமாக அடுக்கிய சமதளத்தில் 119. வழவழப்பான பரப்பில் உங்கள் கணிப்பு 140 காட்டினால், கட்டுரை எழுத உட்காரும் முன் அளவுருக் கோப்பைத் திறந்து பாருங்கள்.