ஹாஸ்டலுக்கு முதல் மூட்டை: ஊரிலிருந்து சுமப்பதா, சென்னையில் வாங்குவதா?

இன்ஜினியரிங் கவுன்சிலிங்கில் சென்னையின் கிண்டி கல்லூரியோ குரோம்பேட்டை எம்.ஐ.டி.யோ கிடைத்துவிட்டால், எங்கள் தேனிப் பக்கத்தில் மறுநாளே ஒரு லிஸ்ட் தயாராகிவிடும். மெத்தை, வாளி, மக்கு, ட்ரங்க் பெட்டி, கொசுவலை, அயர்ன் பாக்ஸ் என்று நீளும். அரசுப் பள்ளியில் படித்து 7.5 சதவீத ஒதுக்கீட்டில் சேரும் பிள்ளைகளின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் 2021-இல் இருந்து அரசே ஏற்றுக்கொள்கிறது. இந்தச் சாமான் செலவு மட்டும் முழுக்க வீட்டின் தலையில் விழுகிறது. இதற்காகக் கம்மலை அடகு வைத்த குடும்பங்கள் எங்கள் தெருவிலேயே உண்டு. அறையைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே அத்தனை பணமும் கரைந்துவிடுவது எனக்கு வயிற்றெரிச்சலாக இருக்கிறது.

எல்லாவற்றையும் ஊரில் வாங்கிச் சுமந்துபோவது ஒரு வழி. துணிமணியோடு மட்டும் போய், மற்றதை அங்கே வாங்குவது இன்னொரு வழி.

ஊரில் வாங்குவதில் உள்ள வசதி நிஜமானது. தெரிந்த கடைக்காரர், பேரம் பேசலாம், பாதிப் பணத்தை அடுத்த மாதம் தரலாம். ஆனால் அதைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது யார்? ரயிலில் ஸ்லீப்பர் வகுப்பு டிக்கெட் ஒன்றுக்கு 40 கிலோ வரை இலவசம். அப்பா, அம்மா, பிள்ளை என மூன்று பேர் போனால் எடை ஒரு பிரச்சினையே இல்லை. இடம்தான் பிரச்சினை. சுருட்டிய மெத்தை பெர்த்துக்கு அடியில் நுழையாது. பஸ்ஸில் போனால், 2023 டிசம்பர் கடைசியில் சென்னைக்கு வெளியே கிளாம்பாக்கம் பஸ் நிலையம் திறந்த பிறகு தென்மாவட்டப் பயணம் அங்கேயே முடிந்துவிடுகிறது. விடிகாலையில் மூட்டைகளோடு இன்னொரு பஸ்ஸோ ஆட்டோவோ பிடிக்க வேண்டும். அந்த ஆட்டோ கூலியையும் சேர்த்தால் ஊரில் பேரம் பேசி மிச்சம் பிடித்தது போய்விடும். ரயிலில் வருபவர்கள் தாம்பரத்தில் இறங்கி மின்சார ரயில் பிடித்தால் குரோம்பேட்டை, கிண்டி இரண்டுமே அந்த வழியில்தான். ஆபீஸ் கூட்டம் ஏறுவதற்கு முன் ஏறிவிட வேண்டும், அவ்வளவுதான்.

சென்னையில் வாங்குவதில் பெரிய லாபம், அறையைப் பார்த்துவிட்டு வாங்கலாம் என்பது. கட்டில் என்ன அளவு, அலமாரி இருக்கிறதா, கொசுவலை கட்ட ஆணி இருக்கிறதா, எல்லாம் தெரிந்துவிடும். கூட இருக்கப்போகிற பிள்ளைகளையும் பார்த்துவிடலாம். மூன்று பேர் அறைக்கு ஒரு துடைப்பம், ஒரு கொடிக்கயிறு போதும். கிண்டியில் ஏறினால் சைதாப்பேட்டை, அதற்கடுத்து மாம்பலம். இறங்கினால் ரங்கநாதன் தெரு. வாளியிலிருந்து பூட்டு வரை ஒரே நடையில் முடியும். ஆனால் முதல் நாள் அந்த நடைக்குத் தெம்பு இருக்காது. சான்றிதழ் சரிபார்ப்பு வரிசை, பணம் கட்டும் வரிசை, வார்டன் கையெழுத்து என்று சாயங்காலம் ஆகிவிடும். அம்மா அப்பா ராத்திரி வண்டிக்குக் கிளம்பியாக வேண்டும். எதுவுமே கொண்டுவராத பிள்ளை அன்று வெறும் கட்டில் பலகையில்தான் படுக்கும்.

அதனால் என் கணக்கு இப்படி: முதல் இரண்டு ராத்திரிக்குத் தேவையானது ஊரிலிருந்து வரட்டும். இடத்தை அடைப்பது எல்லாம் அங்கே.

இந்தக் கணக்குக்குச் சரியான சோதனை மெத்தைதான். எங்கள் பக்கத்தில் போடி இலவம் பஞ்சு மெத்தை என்றால் ஒரு பெருமை. உடம்புக்குச் சூடு இல்லை, முதுகுக்கு இதம். ஆனால் அதை அடிக்கடி வெயிலில் போட்டுத் தட்ட வேண்டும், இல்லாவிட்டால் பஞ்சு கட்டி தட்டிவிடும். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை சென்னையில் மழை. ஹாஸ்டல் மாடியில் மெத்தை காயப்போட இடமும் கிடைக்காது, காவலுக்கு ஆளும் கிடைக்காது. உறை ஒரு இடத்தில் கிழிந்தால் அறை முழுக்கப் பஞ்சு பறக்கும், தும்மல் வரும். ஃபோம் மெத்தை எடை குறைவு, எளிதில் சுருட்டலாம். ஆனால் மே மாதத்தில் முதுகு வேகும், மலிவானது ஒரே வருடத்தில் நடுவில் குழி விழும். தேங்காய் நார் மெத்தை கெட்டியாக நிற்கும், காற்றும் போகும். சுருட்ட முடியாது என்பதால், மூன்றாக மடிக்கிற வகையைத்தான் பார்க்க வேண்டும்.

நான் சொல்வது: மெத்தை நார் மெத்தையாக இருக்கட்டும், அதைக் கட்டிலை அளந்த பிறகு சென்னையில் வாங்குங்கள். ஹாஸ்டல் கட்டில் பலதும் வீட்டுக் கட்டிலைவிட அகலம் குறைவு. இரண்டரை அடிக் கட்டிலில் மூன்றடி மெத்தை போட்டால் விளிம்பு தொங்கும், ராத்திரி புரண்டால் கீழே விழ வேண்டியதுதான். மெத்தையை ஹாஸ்டலிலேயே தருகிறார்களா என்று போனில் ஒரு வார்த்தை கேட்டுவிடுவதும் நல்லது. இலவம் பஞ்சை விட மனசில்லை என்றால் தலையணையாகக் கொண்டுபோங்கள். அதை ஜன்னல் கம்பியில் சாய்த்து வைத்தாலே வெயில் பட்டுவிடும். கூடவே ஒரு பவானி ஜமுக்காளம். முதல் ராத்திரி அதை விரித்துப் படுக்கலாம். பிறகு தரையில் உட்கார்ந்து டிராயிங் போடவும் அதுதான். எத்தனை முறை துவைத்தாலும் அசராது.

டிராயிங் என்றதும் ஞாபகம் வருகிறது: மினி டிராஃப்டரை, அதாவது இன்ஜினியரிங் டிராயிங்கில் கோடு போடும் கருவியை, புதிதாக வாங்கிவிடாதீர்கள். முதல் வருடத்தோடு பலருக்கு அதன் வேலை முடிந்துவிடும். சீனியர் அண்ணன், அக்காவிடம் கேட்டால் பாதி விலைக்கோ சும்மாவோ கிடைக்கும்.

ட்ரங்க் பெட்டியா, ட்ரோலியா? அலமாரிக்குப் பூட்டு போட முடியும் என்றால் ட்ரோலி போதும். பிளாட்பாரத்தில் சக்கரம் பெரிய உதவி. அலமாரி இல்லை, அல்லது கொண்டி உடைந்திருக்கிறது என்றால் ட்ரங்க் பெட்டிதான். ட்ரோலியின் ஜிப்பைப் பேனா முனையாலேயே பிரித்துவிடலாம், பூட்டு சும்மா தொங்கிக்கொண்டிருக்கும். ட்ரங்க் பெட்டி வாங்குவதானால் உயரம் 25 சென்டிமீட்டரைத் தாண்ட வேண்டாம். ரயில் பெட்டிக்குள் அனுமதிக்கும் அளவு 100க்கு 60க்கு 25. சென்னைக் காற்றில் துரு ஏறும் என்பதால் அடியில் இரண்டு செங்கல் வையுங்கள்.

கெட்டிலா, ஃப்ளாஸ்க்கா என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 1500 வாட் கெட்டில் 230 வோல்ட்டில் ஆறரை ஆம்பியர் இழுக்கும். அறையில் இருப்பது 6 ஆம்பியர் சாக்கெட். பல ஹாஸ்டல்களில் கெட்டில், ஹீட்டர் ராடு, அயர்ன் பாக்ஸ் மூன்றுக்கும் தடை, பிடிபட்டால் பறிமுதல். மெஸ்ஸில் வெந்நீர் பிடித்து வைக்க ஒரு நல்ல ஸ்டீல் ஃப்ளாஸ்க் போதும்.

தின்பண்டத்தில் தொக்கைவிடப் பொடிக்கே என் ஓட்டு. அம்மா கையால் செய்த தக்காளித் தொக்கை யாரும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள், எனக்கும் அதுதான் உயிர். ஆனால் பயணத்தில் மூடி ஓரமாக எண்ணெய் கசிந்து சட்டையில் இறங்கினால் அந்தக் கறை போகாது. இட்லிப் பொடியும் பருப்புப் பொடியும் ஸ்டீல் டப்பாவில் மாதக்கணக்கில் நிற்கும். தொக்கு கட்டாயம் வேண்டும் என்றால் சின்ன பாட்டில், வாயில் பிளாஸ்டிக் கவர், மேலே மூடி. அதைத் துணிப் பெட்டியில் வைக்காமல் கட்டைப்பையில் நிமிர்த்தி வையுங்கள்.

சான்றிதழில் மட்டும் ஒன்றுக்கு இரண்டாக எடுத்துப்போவதில் தவறே இல்லை. ஒரிஜினல் ஒரு ஃபைல், ஜெராக்ஸ் செட்டுகள் தனி ஃபைல். இரண்டையும் ஒரே பையில் வைக்க வேண்டாம். மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ், சாதி, வருமானம், முதல் பட்டதாரிச் சான்றிதழ் எல்லாவற்றையும் கிளம்பும் முன்பே ஸ்கேன் செய்து போனில் ஏற்றிவிடுங்கள். ஆதாரோடு இணைத்த வங்கிக் கணக்கின் பாஸ்புக்கைப் பலர் வீட்டிலேயே விட்டுவிட்டு வருகிறார்கள். அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கான புதுமைப்பெண், பையன்களுக்காக 2024-இல் வந்த தமிழ்ப் புதல்வன் என்ற இரண்டு உதவித்தொகைத் திட்டங்களிலும் மாதம் 1000 ரூபாய் கணக்கில்தான் வரும். கல்லூரியில் விவரம் கேட்கும் நாளில் பாஸ்புக் கையில் இருக்க வேண்டும்.