நிறுவனப் பதிவுத் தாளை வாணவேடிக்கை உரிமம் என்று நம்பிவிடாதீர்கள்

கடந்த மாதம் மலேசியாவின் பிறை நகரில் உள்ள ஒரு மண்டபத்தில் என் அக்காள் மகளின் திருமண விருந்து நடைபெற்றது. மணமக்கள் மேடையேறும்போது இருபுறமும் பொறிப்பூ சொரிய வேண்டும் என்பது பிள்ளைகளின் ஆசை. அதற்கான பொறுப்பை நான் ஏற்று, 1,800 வெள்ளிக்கு (ரிங்கிட்) பேசி, 900 வெள்ளி முன்பணம் கட்டினேன். பேசியது டைட்டானியத் துகள்களைச் சூடாக்கிப் பொறியாக ஊதும் ‘கோல்ட் ஸ்பார்க்’ இயந்திரத்துக்கு. உரிமம் உண்டா என்று கேட்டேன். ஏற்பாட்டாளர் பிளாஸ்டிக் உறையிட்ட ஒரு தாளை நீட்டி, “நம்ம ஆளு லைசென்ஸ் எடுத்தவரு அண்ணே” என்றார். அதை நான் வரிவரியாகப் படித்திருக்க வேண்டும், படிக்கவில்லை.

விருந்தன்று இயந்திரம் வரவேயில்லை. இரண்டு இளைஞர்கள் மேடையோரத்தில், ஒரு சாண் நீள அட்டைக் குழாய்களைக் கறுப்பு டேப்பால் இரும்புச் சட்டத்தில் சுற்றிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு குழாயிலிருந்தும் மெல்லிய இரட்டைக் கம்பி ஒன்று பேட்டரிப் பெட்டிக்கு ஓடியது. அவை மருந்து அடைத்த புஸ்வாணங்கள் என்று எனக்குப் புரிந்தபோது, நான்கடி தள்ளிக் குழந்தைகள் அமர்ந்திருந்தார்கள், மேலே துணித் தோரணம் தொங்கியது, அந்த இளைஞர்களிடம் ஒரு தீயணைப்பான்கூட இல்லை. நான் எழுந்து மேடையை நெருங்குவதற்குள் நாதஸ்வரம் தொடங்கிவிட்டது. தோரணத்தில் விழுந்த பொறி உள்ளங்கை அளவுக்குக் கருக்கி, ஓரம் சிவந்து மேலே ஊர்ந்தது. மண்டபப் பணியாளர் ஒருவர் ஓடிவந்து துணியை இழுத்துத் தரையில் போட்டு மிதித்து அணைத்தார். எங்கள் குடும்பம் அவருக்கு என்றென்றும் கடமைப்பட்டுள்ளது.

மறுநாள் அந்தத் தாளின் நகலைக் கேட்டு வாங்கிப் படித்தேன். அது மலேசிய நிறுவன ஆணையத்தில் வணிகத்தைப் பதிவு செய்ததற்கான சான்றிதழ். பூக்கடைக்கும் மளிகைக் கடைக்கும் கிடைக்கும் அதே தாள். 1957ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டத்தின்படி, உரிமமின்றி வாணவெடி வைத்திருப்பதே குற்றம். 10,000 வெள்ளி வரை அபராதமோ ஐந்தாண்டு வரை சிறையோ இரண்டுமோ விதிக்கப்படலாம். ஆகவே ‘லைசென்ஸ்’ என்ற சொல்லோடு நின்றுவிடாமல், உங்கள் நிகழ்ச்சியின் தேதியும் மண்டபத்தின் பெயரும் குறித்த போலீஸ் அனுமதிக் கடிதத்தைக் கேளுங்கள். கொளுத்தப் போகிறவர் யார் என்பதையும் முன்கூட்டியே கேட்டு, மண்டப நிர்வாகத்திடமும் அந்தக் கடிதத்தைக் காட்டச் சொல்லுங்கள்.

நான் மிகைப்படுத்துவதாக உறவினர் சிலர் சொன்னார்கள். 2003 பிப்ரவரி 20 அன்று அமெரிக்காவின் ரோட் ஐலண்டு மாநிலத்தில் ஓர் இரவு விடுதியில் இதே வகைப் புஸ்வாணத்தை அனுமதியின்றிக் கொளுத்தினார்கள். சுவரிலிருந்த நுரைப்பஞ்சு பற்றி, 100 பேர் இறந்தார்கள். அரங்கினுள் நடக்கும் வாணவேடிக்கைக்கான அந்நாட்டுத் தரவிதி, குழாய்க்கும் பார்வையாளருக்கும் இடையே குறைந்தது 15 அடி கேட்கிறது. எங்கள் குழந்தைகளுக்கு நான்கடி கிடைத்தது.

முன்பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, ஏற்பாட்டாளர் “அதான் பூ வந்துச்சே அண்ணே” என்று சொல்லி அழைப்பைத் துண்டித்தார். போலீசில் புகார் கொடுத்துவிட்டேன். 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை வழக்கறிஞர் இல்லாமலேயே விசாரிக்கும் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 5 வெள்ளி கட்டி மனுவும் போட்டிருக்கிறேன். கருகிய துணித்துண்டு, எரிந்து முடிந்த ஒரு குழாய், அந்தத் தாளின் நகல் ஆகிய மூன்றையும் விசாரணைக்காகப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.