கை தாழ்த்தி எறிபவர்களுக்காகவே வாங்கலாம்: எம்எல்பி த ஷோ 24

இது ஒரு பேஸ்போல் வீடியோ கேம். வேகமாக எறிபவர்தான் நல்ல பிட்சர், அதாவது பந்து எறிபவர், என்று நினைத்துத்தான் நானும் தொடங்கினேன். கனடாவில் ஸ்காபரோவில் இருக்கும் மச்சான் கோணேசர் கோயில் திருவிழாவுக்கு ஊருக்கு வந்தபோது இந்த டிஸ்க்கைக் கொண்டுவந்து என்னிடமே விட்டுப்போனான். அவன் டொரொன்டோ புளூ ஜேய்ஸ் பேஸ்போல் அணி என்றால் உயிரை விடுவான். முதல் வாரம் முழுக்க மணிக்கு 100 மைல் வேகத்தில் எறிகிற ஆட்களையே பார்த்துப் பார்த்து இறக்கினேன், அவன் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றையும் வெளியே தூக்கி அடித்தான். அப்புறம் ஒரு நாள் அணியில் மிச்சமிருந்தவர் என்பதால் டைலர் ரொஜர்ஸை இறக்கினேன். மூன்று பந்து, மூன்றும் தரையோடு உருண்டன. மச்சான் கொன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டு, "இவன் எங்கேயிருந்து எறிகிறான்?" என்று கேட்டான்.

ரொஜர்ஸ் 2019 இல் சான் பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸுக்கு ஆட வந்தவர். வலது கை. இடுப்பை மடித்து, கையைத் தரைக்குக் கிட்டக் கொண்டுபோய், முழங்காலுக்கும் கீழே பந்தை விடுகிறார். இந்த வகையைச் சப்மரின் என்கிறார்கள், கை தோளுக்கு நேராகப் பக்கவாட்டில் வந்தால் அது சைட்ஆர்ம். அவருடைய சிங்கர், அதாவது கடைசியில் கீழே விழுகிற வேகப்பந்து, பெரும்பாலும் 83 மைல் அளவில்தான் வரும், அதாவது மணிக்கு 133 கிலோமீட்டர் மாதிரி. மற்ற பிட்சர்கள் சாதாரணமாகவே 150 ஐத் தொடுகிற இடத்தில் இது மெதுவான பந்து. ஆனாலும் அடிக்கக் கஷ்டம். அவரோடு இரட்டையாகப் பிறந்த டெய்லர் ரொஜர்ஸ் இடது கைக்காரர், வழக்கமான முறையில் எறிபவர், இந்த 24 ஆம் பதிப்பில் இரண்டு பேரும் ஒரே அணியில் இருக்கிறார்கள், ஒருவருக்குப் பின் ஒருவரை இறக்கிப் பார்ப்பதே தனிச் சந்தோஷம்.

ஏன் அடிக்க முடிவதில்லை என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தக் கேமில் எனக்கு மிகவும் பிடித்த விஷயமே இதுதான். மேலேயிருந்து எறியும்போது வேகப்பந்து பின்பக்கமாகச் சுழலும், அந்தச் சுழற்சி பந்தைக் கொஞ்சம் தாங்கிப் பிடிக்கும், அதனால் கண் எதிர்பார்ப்பதைவிடக் குறைவாகவே இறங்கும். கை கீழே போய்த் தலைகீழாகிவிட்டால் சுழற்சியும் தலைகீழாகிவிடுகிறது. சிங்கர் வழக்கத்தைவிட அதிகமாக விழுகிறது, மற்றவர்கள் கையில் கீழே விழுகிற ஸ்லைடர் என்ற வளைபந்தோ இவர் கையிலிருந்து மேலே எழும்புகிற மாதிரி வருகிறது. அடிப்பவர் கொன்ட்ரோலரால் திரையில் உள்ள ஒரு வட்டத்தைப் பந்து வரும் இடத்துக்கு நகர்த்த வேண்டும், அவர் விரல் பழகியது மேலேயிருந்து கீழே வரும் பந்துக்கு. இங்கே எல்லாம் மாறி வருகிறது. கேம் செய்தவர்கள் இதை அப்படியே கொண்டுவந்திருக்கிறார்கள், சும்மா கை அசைவை மட்டும் மாற்றிவிட்டு விட்டுவிடவில்லை.

நம் ஊர்க்காரருக்கு இது புதிதும் இல்லை. லசித் மாலிங்க 2007 உலகக் கிண்ணத்தில் தென்னாபிரிக்காவுக்கு எதிராகத் தொடர்ந்து நான்கு பந்தில் நான்கு விக்கெட் எடுத்ததைப் பார்த்தவர்களுக்குப் பந்து எந்த உயரத்திலிருந்து வருகிறது என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று விளங்கும். டச்பே கடற்கரையில் நாங்கள் மென்பந்து ஆடிய காலத்தில் ஒரு அண்ணா இருந்தார், தொழில் கடலில், வீச்சுவலை எறிகிற மாதிரியே பக்கவாட்டில் கையைச் சுழற்றிப் பந்து போடுவார். ஈர மணலில் அது எழும்பாமல் வழுக்கிக்கொண்டு வரும். எங்களில் நல்லாக அடிக்கிறவர்கள்தான் அவரிடம் முதலில் அவுட் ஆவார்கள். ரொஜர்ஸை முதன்முதலில் திரையில் பார்த்தபோது எனக்கு அந்த அண்ணாதான் ஞாபகம் வந்தார்.

சரி, எப்படிப் பயன்படுத்துவது? முதலில், இப்படிக் கை தாழ்த்தி எறிபவர்களை ஆட்டம் தொடங்கும்போது இறக்காதீர்கள். இவர்கள் ரிலீவர்கள், அதாவது ஆட்டத்தின் நடுவில் மாற்றாக வருபவர்கள், சீக்கிரம் களைத்துவிடுவார்கள், கையில் இருப்பதும் பெரும்பாலும் இரண்டே வகைப் பந்து, இரண்டாவது முறை அதே ஆள் அடிக்க வந்தால் பிடித்துவிடுவார். வேகமான பிட்சர் ஒருவர் ஐந்தாறு இன்னிங்ஸ் (பேஸ்போலில் ஒரு ஆட்டத்துக்கு ஒன்பது) எறிந்து, எதிராளியின் விரல் அந்த வேகத்துக்குப் பழகிய பிறகு இறக்கினால் அந்த இன்னிங்ஸில் அவர் எல்லாப் பந்துக்கும் முந்தியே மட்டையைச் சுழற்றிவிடுவார். வலது கையால் அடிப்பவர்கள் வரிசையாக வரும் இடமாகப் பாருங்கள். சிங்கரை அவர்கள் கைப்பக்கம் தாழ்வாகப் போட்டுவிட்டு அதன் பிறகு ஸ்லைடரை வெளிப்பக்கம் விட்டால் போதும். இடது கைக்காரருக்குப் பந்து தொடக்கத்திலிருந்தே தெளிவாகத் தெரியும், அங்கே அடி வாங்குவீர்கள். நிஜ ஆட்டத்தில் 2020 இலிருந்து ஒரு ரிலீவர் குறைந்தது மூன்று பேருக்காவது எறிய வேண்டும் அல்லது இன்னிங்ஸை முடிக்க வேண்டும் என்று விதி வந்துவிட்டது, ஒரே ஒரு ஆளுக்காக இறக்கும் பழைய முறை அதோடு போயிற்று. அதனால் அடுத்து வரும் மூன்று பேரைப் பார்த்துவிட்டு முடிவு எடுப்பதே நல்ல பழக்கம்.

இன்னொன்று, இவர்கள் அடிப்பவரைத் தவறவிட வைத்து ஸ்ட்ரைக் அவுட் எடுப்பவர்கள் இல்லை, பந்தைத் தரையில் அடிக்க வைப்பவர்கள். இரண்டாவது பேஸிலும் அதற்குப் பக்கத்து இடமான ஷோர்ட்ஸ்டொப்பிலும் நல்லாகப் பிடிக்கிற ஆட்கள் இல்லையென்றால் இந்தப் பிட்சரால் பிரயோசனம் இல்லை. நான் அடிக்கிற திறமையை மட்டும் பார்த்து அணி அமைத்திருந்தேன், அதை மாற்றிய பிறகுதான் டபுள் பிளே, அதாவது ஒரே பந்தில் இரண்டு பேர் அவுட், வரத் தொடங்கியது.

எறிவதற்கு பின்பொயின்ட் முறையையே பழகுங்கள் என்பேன். ஸ்டிக்கால் கோடு வரைய வேண்டும், முதல் சில நாள் கை வராது, ஆனால் சிங்கரை ஒரு பந்து அகலம் உயர விட்டாலே 83 மைல் பந்து சிக்ஸர் மாதிரிப் பறந்துவிடும் என்பதால் இந்தத் துல்லியம் இவர்களுக்குத்தான் அதிகம் தேவை. அவசரத்துக்கு, சரியான நேரத்தில் பட்டனை அழுத்துகிற மீட்டர் முறையும் போதும்.

குறை என்றால், கணினிக்கு எதிராக ஆடும்போது இந்த வித்தை எனக்கு அந்தளவுக்கு எடுபடவில்லை. ஏமாறுவதற்குக் கணினிக்குக் கண் இல்லையே. ஹோல் ஒஃப் ஃபேம் என்ற கடினமான நிலையில் ரொஜர்ஸை வைத்து நிறைய ஓட்டம் கொடுத்திருக்கிறேன். மனிதருக்கு எதிராகத்தான் இவர்களுடைய முழு அருமை தெரியும், அதற்கு இணையம் வேண்டும், என் வீட்டு இணைப்போ இரவு எட்டு மணிக்குப் பிறகு இழுக்கத் தொடங்கிவிடும், மச்சானோடு கனடாவுக்கு ஆடும்போது பந்து பாதி வழியில் நின்று குதிக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்து ஒரே டிவியில் இரண்டு பேர் ஆடுவதுதான் இங்கே சரிவரும்.

வாங்க நினைப்பவர்கள் கவனிக்க வேண்டியது: பிளேஸ்டேஷன் 4 வைத்திருந்தால் 24 தான் கடைசிப் பதிப்பு, 25 அதற்கு வரவில்லை. பழைய டிஸ்க் கிடைத்தால் தாராளமாக வாங்கலாம். பேஸ்போல் விதி தெரியாதவர்களுக்கு முதல் இரண்டு வாரம் கஷ்டமாக இருக்கும், கிரிக்கெட் தெரிந்திருந்தால் சமாளித்துவிடலாம்.

மச்சான் அடுத்த ஆடியில் திரும்ப வருகிறான். இந்த முறை அவன் அணியில் இடது கைக்காரர் ஆறு பேர் இருப்பார்கள் என்று இப்போதே சொல்லிவிட்டான், அதனால் டெய்லர் ரொஜர்ஸோடு பழகத் தொடங்கியிருக்கிறேன்.