கிளை வாய்க்காலில் வைக்கும் 500 வாட் டர்பைன்: கந்தளாய், மூதூர்ப் பக்கம் வாங்கலாமா?

பெட்டியில் 500 வாட் என்று போட்டிருப்பது பொய்யில்லை. ஆனால் அது வர 1.5 மீற்றர் வீழ்ச்சியும் (தண்ணீர் விழும் உயரம்) செக்கனுக்கு 70 லீற்றர் தண்ணீரும் வேண்டும். வாய்க்கால் தண்ணீரை அளக்கும் கியூசெக் ஒன்று செக்கனுக்கு 28 லீற்றர் என்றால் இது இரண்டரை கியூசெக். சின்ன வயல் வாய்க்கால் காணாது. வெருகல் பக்கம் வரும்போது மகாவலி சமதரையில் படுத்துவிடும், அங்கே வீழ்ச்சி தேடிப் பயனில்லை. நம் திருகோணமலை மாவட்டத்தில் இதற்கு இடம் குளத்துத் துருசுக்கு (மடைக்கு) கீழே, அல்லது கிளை வாய்க்கால் கொங்கிறீற்றுப் படியில் இறங்கும் இடத்தில்தான்.

1.5 மீற்றர் 1.2 ஆகக் குறைந்தால் ஐந்தில் ஒன்றுதான் போகும் என்று கணக்குப் போடுவார்கள். தண்ணீரும் சேர்ந்து குறைவதால் 350 வாட் அளவில்தான் மிஞ்சும்.

பொறியின் பலவீனம், டர்பைனிலிருந்து தண்ணீரைக் கீழே இறக்கும் உறிஞ்சு குழாய். அதன் அடிவாய் எந்நேரமும் 15 சென்ரிமீற்றராவது தண்ணீருக்குள் இருக்கவேண்டும். இணைப்பில் காற்றுப் புகுந்தால் உறிஞ்சல் அறுந்துவிடும். மேலே தண்ணீர் நிரம்பி நின்றாலும் டர்பைன் சோம்பிச் சுற்றும். ரப்பர் வளையத்தை நம்பாமல் இணைப்பைச் சிலிக்கோனால் அடையுங்கள். கொன்ட்ரோலர் இல்லாத மலிவு மாதிரியைத் தொடவே வேண்டாம்: மின்குமிழ்களை அணைத்ததும் சுமையில்லாமல் வேகம் ஏறி, வோல்ற்றேஜ் எகிறி, மிச்சமுள்ளவையும் எரிந்துபோகும். கொன்ட்ரோலர் மிச்ச மின்சாரத்தைச் சூடேற்றும் கம்பிக்கு அனுப்பிவிடும்.

குப்பைத் தட்டியைச் சாய்வாக, 2 சென்ரிமீற்றர் இடைவெளியில் வையுங்கள். சல்வீனியா என்ற மிதக்கும் களையும் சொப்பிங் பையும் காலையும் மாலையும் வாரவேண்டிய அளவுக்கு வரும். சந்தேகமில்லை, இதுதான் இந்தப் பொறியின் உண்மையான விலை.

இடைவிடாமல் ஓடினால் ஒரு நாளைக்கு 12 யூனிட். நல்ல கணக்கு, தண்ணீர் ஓடும் நாளில் மட்டும். சிறுபோகத்தில் நாள் பிரித்து முறைத் தண்ணீர் விட்டால் டர்பைனும் முறையில்தான் ஓடும். துருசு பூட்டினால் இருட்டு. கூரையில் சூரியத் தகடு வைக்க இடமுள்ள வீட்டுக்கு நான் இதைச் சொல்லமாட்டேன்.

டர்பைன் தண்ணீரைக் குடிப்பதில்லை, ஆனால் வாய்க்காலுக்குக் குறுக்கே பலகை போட்டுத் தண்ணீரை உயர்த்தும்போது மேல் வாய்க்கால் நிரம்பும். வரம்பால் பக்கத்து வயலுக்குள் கசியும். முறை தொடங்கும்போது பலகைக்குப் பின்னால் நிரம்பும் நேரம் கடைசி வயல்காரருக்குத்தான் நட்டம். சண்டை அங்கேதான் கிளம்பும். படிக்கட்டில் குளிப்பவர்கள், உடுப்புத் தோய்ப்பவர்கள் இருக்குமிடத்தில் வைக்கவே கூடாது. உறிஞ்சும் வாயும் மின்கம்பியும் ஒன்றாயிருக்கும் இடம் அது.

கடலுக்கு முட்டையிட இறங்கும் விலாங்குக்கு டர்பைனின் சுழலும் அலகு ஆபத்து. தட்டியோரம் ஓர் அடி அகலத்தில் மேல்வழிவு விட்டால் அது அந்தப் பக்கம் போகும். கொஞ்சம் வாட் குறையும், குறையட்டும்.

பலகை போடுமுன் கமக்காரர் அமைப்பிடமும் நீர்ப்பாசனப் பொறியியலாளரிடமும் எழுத்தில் அனுமதி பெறுங்கள். பலகைக்குப் பூட்டுப் போட்டால் ஒரு திறப்பு, வயல்களுக்குத் தண்ணீர் பங்கிடும் வட்டைவிதானையிடம் இருக்கட்டும்.