சிவப்பு ஜின்செங்கா, அமெரிக்க ஜின்செங்கா? சூடு குளிர்ச்சிக்கு முன்னால் லேபிளைப் பாருங்கள்

சீன மருந்துக்கடையில் ஜின்செங் என்ற மருந்து வேரைக் கேட்டால் முதல் கேள்வியே "கொரியனா, அமெரிக்கனா?" என்றுதான் வரும். சிங்கப்பூரில் இருக்கிற நம் ஆட்களிடம் கேட்டாலும் சரி, கடை அங்கிளிடமே கேட்டாலும் சரி, பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: கொரிய சிவப்பு சூடு, அமெரிக்கன் குளிர்ச்சி, இந்த ஊர் வெயிலுக்கு அமெரிக்கனை வாங்கிக்கொண்டு போ. நான் இரண்டையும் குடித்துப் பார்த்துவிட்டுச் சிவப்பின் பக்கம் சாய்ந்தவன். சூடு குளிர்ச்சிக் கணக்கை நான் கேலி செய்யவில்லை, நம் வீட்டு அடுப்படியிலும் அதுதானே ஓடுகிறது. ஆனால் காசு கொடுத்து வாங்குகிற பொருளில் சரக்கு எவ்வளவு இருக்கிறது என்று தெரிய வேண்டுமே, அந்த ஒரு விஷயத்தில்தான் எனக்கு முடிவு வந்தது.

அடிப்படையைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். இரண்டும் பானாக்ஸ் என்ற ஒரே பேரினம், பயன்படுவது வேர். ஆசிய ஜின்செங், கடையில் கொரியன் என்பது இதைத்தான், வடகிழக்குச் சீனா, கொரியா, ரஷ்யாவின் கிழக்கு ஓரம் ஆகிய இடங்களில் வளர்வது. அமெரிக்கன் கனடாவின் தென்கிழக்கிலும் அமெரிக்காவின் கிழக்குக் காடுகளிலும் வளர்வது. சிவப்பு என்று தனியாக ஒரு செடி கிடையாது. ஆசிய வேரைத் தோலோடு ஆவியில் அவித்துக் காயவைத்தால் சிவப்பு, அவிக்காமல் காயவைத்தால் வெள்ளை.

அமெரிக்க வேர் சீன மருந்துக்குள் நுழைந்த கதை சுவாரசியமானது. ஜார்த்தூ என்ற ஜேசு சபைப் பாதிரியார் மஞ்சூரியாவில் ஜின்செங்கைப் பார்த்துவிட்டு, இதே மாதிரி காடும் குளிரும் உள்ள கனடாவிலும் இது இருக்கலாம் என்று 1711-இல் ஒரு கடிதத்தில் எழுதினார். அதைப் படித்த லஃபித்தோ என்ற இன்னொரு பாதிரியார் 1716-இல் மொன்ட்ரியால் பக்கத்தில் மோஹாக் மக்களிடம் விசாரித்துத் தேடிக் கண்டுபிடித்தே விட்டார். அப்புறம் என்ன, வேர் கப்பலேறிச் சீனாவுக்குப் போனது. 1784-இல் நியூயார்க்கிலிருந்து கான்டனுக்குக் கிளம்பிய 'எம்ப்ரஸ் ஆஃப் சைனா' கப்பலின் முக்கியச் சரக்கே சுமார் 30 டன் ஜின்செங்தான். குளிர்ச்சி என்ற முத்திரை, வேர் வந்து சேர்ந்த பிறகு சீன வைத்தியர்கள் குடித்துப் பார்த்துக் குத்தியது.

சரி, சரக்குக்கு வருவோம். ஜின்செங்கில் ஆராய்ச்சிக்காரர்கள் முக்கியமாகத் துரத்துவது ஜின்செனோசைடு என்ற சேர்மங்களை. நூற்றுக்கும் மேல் வகை இருக்கின்றன, நமக்கு மூன்று பெயர் போதும்: ஆர்பி1, ஆர்ஜி1, ஆர்ஜி3. அமெரிக்க வேரில் ஆர்பி1 தூக்கலாகவும் ஆர்ஜி1 குறைவாகவும் இருக்கும். ஆசிய வேரில் ஆர்ஜி1-இன் பங்கு கூடுதல். ஆவியில் அவிக்கும்போது சில சேர்மங்கள் உடைந்து ஆர்ஜி3 உருவாகிறது, பச்சை வேரில் அது கிட்டத்தட்ட இருக்காது. ஆர்பி1 நரம்பை அமைதிப்படுத்தும், ஆர்ஜி1 கிளப்பிவிடும் என்று எலி ஆய்வுகளைக் காட்டி, பாருங்கள் சூடும் குளிர்ச்சியும் நிரூபணமாகிவிட்டது என்று சொல்பவர்கள் உண்டு. எலிக்கு நடந்ததை வைத்து அவ்வளவு தூரம் தாவ எனக்கு மனசு வரவில்லை.

மொத்த ஜின்செனோசைடு என்று பார்த்தால் அமெரிக்கன் பெரும்பாலும் ஆசிய வேரை முந்திவிடும். அப்படியானால் ஏன் சிவப்பு? இங்கேதான் கடையில் நடப்பதைக் கவனிக்க வேண்டும். அமெரிக்கன் இங்கே பெரும்பாலும் உதிரியாக விற்கிறது. கண்ணாடி ஜாடியிலிருந்து வேரை எடுத்துத் தராசில் போட்டு, ஒரு டேல், அதாவது கிட்டத்தட்ட 38 கிராம், இவ்வளவு வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) என்று கணக்குச் சொல்லிவிட்டு, இயந்திரத்தில் விட்டு வில்லை வில்லையாகச் சீவிக் கொடுப்பார்கள். விலை எதை வைத்து என்று கேட்டுப் பாருங்கள்: தடிமன், வளையங்கள், காட்டு வேரா தோட்டத்து வேரா, எந்த ஊர். பக்கத்து ஜாடியில் நூல் மாதிரி மெல்லிய பக்க வேர்கள் மலிவாகக் கிடக்கும். வேடிக்கை என்னவென்றால், எடைக்கு எடை பார்த்தால் ஜின்செனோசைடு நடுவேரைவிட அந்த மெல்லிய வேர்களிலும் தோலிலும்தான் அதிகம். ஆக, நாம் கூடுதல் காசு கொடுப்பது உருவத்துக்கு.

அதோடு போகவில்லை. டொராண்டோவில் ஒரு குழு 2000-இல் வெளியிட்ட சிறிய ஆய்வில், 3 கிராம் அமெரிக்க ஜின்செங் எடுத்துக்கொண்டு 40 நிமிடம் கழித்துக் குளுக்கோஸ் குடித்தவர்களுக்குச் சர்க்கரை ஏறுவது குறைந்தது, நீரிழிவு உள்ளவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும். நல்ல செய்திதான். 2003-இல் அதே குழு வேறொரு தொகுதி அமெரிக்க வேரை வைத்துச் சோதித்தபோது சர்க்கரையில் ஒரு மாற்றமும் இல்லை. அந்தத் தொகுதியில் ஜின்செனோசைடு குறைவு என்று அளந்து அவர்களே எழுதினார்கள். அதே இனம், அதே பெயர், கண்ணுக்கு அதே பொடி. ஒரே கடையில் வாங்கிய காப்பித்தூளில் ஒரு நாள் டிகாக்‌ஷன் திக்காகவும் மறுநாள் தண்ணீராகவும் இறங்குவதைப் போலத்தான், ஆனால் காப்பியில் நாக்குக்குத் தெரிந்துவிடும், இதில் தெரியாது. ஆய்வுக்கூடம் வைத்திருப்பவர்களுக்கே இந்த நிலை என்றால், ஒரு டேல் வில்லையை வாங்கி வந்து கண் மதிப்பில் நாலைந்தை வெந்நீரில் போடுகிற நான் எதைக் குடிக்கிறேன் என்று எப்படிச் சொல்வது?

சிவப்பில் இந்தத் தொல்லை கொஞ்சம் குறைவு. கொரியாவில் சிவப்பு ஜின்செங்கை ஆரோக்கிய உணவு என்ற பெயரில் விற்க வேண்டுமானால், ஆர்ஜி1, ஆர்பி1, ஆர்ஜி3 மூன்றும் சேர்த்து ஒரு நாள் அளவில் எத்தனை மில்லிகிராம் என்று டப்பாவில் போட வேண்டும். நோய் எதிர்ப்புக்கும் அசதிக்கும் அங்கே வைத்திருக்கும் வரம்பு நாளொன்றுக்கு 3 முதல் 80 மில்லிகிராம். நான் வாங்குவது சாறு காய்ச்சி இறுக்கிய கெட்டி வகை. தார் மாதிரி கறுப்பாக இருக்கும், கூடவே வரும் குட்டிக் கரண்டியில் எடுத்தால் நூல் இழுக்கும், வெந்நீரில் கலக்கினாலும் அடியில் ஒட்டிக்கொண்டு லேசில் கரையாது. மண்வாசனையோடு கசப்பு. இன்றைக்குக் குடித்ததும் அடுத்த டப்பாவில் குடிக்கப்போவதும் ஏறக்குறைய ஒரே அளவு என்ற நிம்மதிக்காகத்தான் அந்தக் கசப்பு.

ஆனால் 'சிவப்பு ஜின்செங்' என்று போட்டிருப்பதெல்லாம் இதே சரக்கு என்று நினைத்துவிட வேண்டாம். பையில் வரும் பானங்களில் முன்பக்கம் முழு வேர் படம் இருக்கும். பின்பக்கம் திருப்பினால் தண்ணீர், பேரீச்சை மாதிரி இருக்கும் சீன இலந்தைப் பழச்சாறு, தேன், எல்லாம் வந்து முடிந்த பிறகு ஒரு துளி ஜின்செங் சாறு வரும். மில்லிகிராம் எண் இல்லாத சிவப்பும் ஜாடி வில்லையும் எனக்கு ஒன்றுதான். அதேபோல, அளவு அச்சிட்ட அமெரிக்கன் மாத்திரை கிடைத்தால் என் வாதத்தில் பாதி அடிபட்டுப் போகும். அந்த மாத்திரையை நான் எடுத்ததில்லை, டீயாகவும் சூப்பாகவும்தான் அமெரிக்கனோடு எனக்குப் பழக்கம்.

என் வாதத்தில் இன்னொரு ஓட்டையும் இருக்கிறது. ஜின்செனோசைடுகள் குடலில் அப்படியே உறிஞ்சப்படுவது மிகக் குறைவு. குடல் பாக்டீரியாக்கள் ஆர்பி1-ஐ உடைத்து 'காம்பவுண்ட் கே' என்று சின்னதாக்கிய பிறகுதான் ரத்தத்தில் ஓரளவு ஏறுகிறது. அந்த பாக்டீரியாக் கூட்டம் ஆளுக்கு ஆள் வேறு. டப்பாவில் உள்ள எண் சரியாக இருந்தாலும் உங்கள் ரத்தத்தில் சேர்வதும் என் ரத்தத்தில் சேர்வதும் ஒன்றாக இருக்காது.

பலன் பக்கம் அமெரிக்கனுக்கு நியாயம் செய்ய வேண்டும். அசதிக்கு இருக்கும் ஆய்வுகளில் பெயர் சொல்லும்படியான ஒன்று அமெரிக்கனை வைத்துத்தான் நடந்தது: அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவமனை தலைமையில் 364 புற்றுநோயாளிகள், விஸ்கான்சின் வேர்ப்பொடி தினமும் 2 கிராம், எட்டு வாரம். நாலாவது வாரத்தில் பெரிய வித்தியாசம் இல்லை, எட்டாவது வாரத்தில் மருந்தில்லாத போலி மாத்திரையைவிட அசதி குறைந்திருந்தது. 2013-இல் வந்தது. அங்கேயும் பொடி அளந்து மாத்திரையில் அடைத்ததுதான், ஜாடி வில்லை இல்லை. சிவப்புக்கு விளம்பரம் அதிகம், குறிப்பாக ஆண்மை விஷயத்தில். அதை நம்பி யாரும் பர்ஸைத் திறக்க வேண்டாம். 2021-இல் காக்ரேன் அமைப்பு ஆய்வுகளை எல்லாம் சேர்த்து அலசி, பலன் இருந்தாலும் அற்பம்தான் என்கிற மாதிரி முடித்துவிட்டது.

எனக்கு என்ன நடந்தது? மதியத்துக்கு மேல் வரும் சோர்வு குறைந்தது. ஆனால் அதே சமயத்தில் எனக்கு நைட் ஷிஃப்டும் நின்றுபோனது, அதனால் பெயரை எதற்குக் கொடுப்பது? சாயங்காலம் குடித்தால் தூக்கம் தள்ளிப்போகிறது என்பதை மட்டும் கொஞ்சம் உறுதியாகச் சொல்வேன், அதனால் காலையில் மட்டும்தான். ஏற்கெனவே படபடப்பு, தூக்கமின்மை உள்ளவர்கள், சும்மா வாய்க்கு இதமாக ஏதாவது வேண்டும் என்பவர்கள் அமெரிக்கன் டீயே குடிக்கலாம். முதலில் கசந்து பிறகு நாக்கின் அடியில் இனிப்பு எழும், ருசியில் சிவப்பு அதன் பக்கத்தில் நிற்க முடியாது. சூப்புக்கு மட்டும் என்றால் டாங்ஷென் என்ற சீன வேர் போதும். விலையும் மலிவு, இனிப்பும் உண்டு. ஆனால் அது வேறு குடும்பத்துச் செடி, ஜின்செனோசைடு அதில் கிடையாது, 'ஏழைகளின் ஜின்செங்' என்று யாராவது தள்ளிவிட்டால் ஏமாற வேண்டாம்.

ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மருந்து எடுப்பவர்களுக்கு மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. 2004-இல் வந்த ஓர் ஆய்வில் அமெரிக்க ஜின்செங் அந்த மருந்தின் வேலையைக் குறைத்தது. குளிர்ச்சியானது, ஒன்றும் செய்யாது என்ற பேச்சு அங்கே எடுபடாது. சிவப்பையும் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது. சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் சேர்த்துக் குடித்தால் சர்க்கரை தாழ்ந்து போகலாம், கர்ப்பிணிகள் இரண்டையும் தவிர்ப்பது நல்லது. ஆபரேஷன் தேதி குறித்திருந்தால் குறைந்தது ஏழு நாளைக்கு முன்பே நிறுத்திவிட்டு, குடித்துக்கொண்டிருந்ததை மயக்க மருந்து டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். அவர்கள் கேட்கும் மருந்துப் பட்டியலில் மூலிகையை நம் ஆட்கள் சேர்ப்பதே இல்லை.